தினேஷ் அழுவதில்லை

பரமசிவத்தின் வீட்டில் குக்கர் விசில் நின்றுபோனதைத்தான் நான் முதலில் கவனித்தேன். எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒற்றைச் செங்கல் சுவர். புனே கட்கியில் வெடிமருந்து ஃபேக்டரி குவார்ட்டர்ஸ் எல்லாம் அப்படித்தான். பக்கத்து வீட்டில் மிளகாய் தாளித்தால் நம் வீட்டில் தும்மல் வரும். பரமசிவத்தின் பெண்டாட்டி பவுனு எப்போது பருப்பு வைக்கிறாள், எப்போது பிள்ளையைக் குளிப்பாட்டுகிறாள் என்பதெல்லாம் சுவர் வழியாகவே எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளை தினேஷ், பிறந்த நாளிலிருந்து தொண்டை கிழிய அழுகிற ரகம். தொண்ணூற்றாறாம் வருஷம் மழைக்காலத்தில் விசிலோடு அந்த அழுகையும் நின்றது. ரேடியோ, பாத்திரம், கதவு, பேச்சு என்று ஒவ்வொன்றாக நின்று, சுவருக்கு அந்தப் பக்கம் ஆளே இல்லாதது மாதிரி ஆகிவிட்டது.

ஆள் இல்லாமல் இல்லை. பரமசிவம் டூட்டிக்குப் போவான், வருவான். பவுனு கொடியில் துணி காயப்போடுவாள். என்னைப் பார்த்தால் சிரிப்பாள், ஆனால் வாயைத் திறக்கமாட்டாள். எனக்கோ சத்தம் இல்லாத வீடு ஆகாது. நான் வேலூர்க்காரி. 'வனஜா, நீ எஸ்.டி.டி. பூத்துக்குப் போகவே வேண்டாம், மொட்டைமாடியில் நின்று பேசினாலே உங்கள் அம்மாவுக்குக் கேட்கும்' என்று என் வீட்டுக்காரர் கிண்டல் செய்வார். பத்து நாள் பொறுத்துப் பார்த்தேன். பிறகு ஒரு கிண்ணத்தில் ஜவ்வரிசியில் பண்ணுகிற சாபுதானா கிச்சடியைப் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

காலிங் பெல் இருந்த இடத்தில் ஒயர் தொங்கிக்கொண்டிருந்தது. தட்டினேன். பரமசிவம் கதவைத் திறந்து, என் முகத்தைப் பார்க்காமல் கையைப் பார்த்தான்.

"அக்கா, கோவிச்சுக்கிடாதிய. வளையல கழத்திருங்க. இடுப்புல சாவிக்கொத்து இருந்தா அதையும் வெளியவே வச்சிருங்க."

அவன் திருநெல்வேலிக்காரன். மரியாதை தெரிந்தவன், குரலை உயர்த்திப் பேசி நான் கேட்டதில்லை. ஆனால் இப்போது அவன் பேசியது வெறும் உதட்டசைவு. வாசலில் துணிச் செருப்புகள் வரிசையாக இருந்தன. நிலையில் ஒரு செம்புத் தகடு அடித்திருந்தது. எனக்குப் புரிந்துவிட்டது. ஃபேக்டரியில் மருந்து நிரப்புகிற ஷெட்டுக்குள் போகிறவர்களுக்கு இதெல்லாம் உண்டு. ஆணி வைத்த செருப்பு கூடாது, சாவி கூடாது, சில்லறைக் காசு கூடாது. உடம்பில் இருக்கும் மின்சாரம் இறங்குவதற்காக வாசலில் செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். பரமசிவம் அந்த ஷெட்டில் பல வருஷமாக ஒரு கீறல் இல்லாமல் வேலை பார்க்கிறவன். அது ஃபேக்டரி, சரி. வீட்டுக்கு எதற்கு?

உள்ளே போனால் எனக்கு மூச்சு முட்டியது. பாத்திரங்களுக்கெல்லாம் துணி சுற்றியிருந்தது. கிறீச்சிடும் என்று ஃபேனை நிறுத்தியிருந்தார்கள். நடுவீட்டில் மெத்தைமேல் பிள்ளை உட்கார்ந்திருந்தான். அவன் முன்னால் வேண்டிய சாமான்கள் எல்லாம், கேட்பதற்கு முன்பே, கைக்கெட்டும் தூரத்தில் இருந்தன.

"அழுதான்னா அவன் வந்துருவாங்க்கா," என்றாள் பவுனு என் காதுக்குள்.

"எவன்டி?"

அவள் பிள்ளையின் இடுப்பைக் கண்ணால் காட்டினாள். ஜட்டியை மெல்ல விலக்கினாள். அங்கே ஒன்றுமே இல்லை. சாதாரணப் பிள்ளையின் சாதாரண உடம்பு.

"இப்ப இல்ல. தூங்குதான்," என்றாள்.

பொய் சொல்வானேன், நான் மெத்தையைவிட்டு ஓர் அடி தள்ளி உட்கார்ந்தேன். பிறகு கேட்டுக் கேட்டுத்தான் விஷயத்தை வாங்கினேன். பிள்ளை வீறிட்டு அழும்போது தொடையும் வயிறும் சேருகிற மடிப்பில், வலது பக்கம், அரை எலுமிச்சம்பழம் அளவுக்கு ஒரு வீக்கம் கிளம்பும். அழுகை அடங்கியதும் காணாமல் போய்விடும். டாக்டரிடம் கொண்டுபோனால் அங்கே சிரித்துக்கொண்டிருப்பான், வீக்கம் இருக்காது. முதல் தடவை எல்லாரும் பவுனுவைத்தான் ஒரு மாதிரி பார்த்தார்களாம். பிறகு பெரிய ஆஸ்பத்திரியில் குழந்தைகளுக்கு ஆபரேஷன் பண்ணுகிற ஒரு மராட்டி டாக்டரம்மா பார்த்துவிட்டு, இது குடல் இறக்கம், ஹெர்னியா என்று சொல்லியிருக்கிறார். ஆண்பிள்ளைக்குத் தாயின் வயிற்றிலிருக்கும்போதே அடிவயிற்றிலிருந்து கீழே ஒரு வழி இருக்குமாம். பிறப்பதற்குள் அது மூடிக்கொள்ள வேண்டும். சில பிள்ளைகளுக்கு மூடாது. முக்கினால், அழுதால் குடல் அந்த வழியாக எட்டிப்பார்க்கும். தானாகச் சரியாகாது, சின்ன ஆபரேஷன், வழியைக் கட்டிவிட்டால் தீர்ந்தது, தள்ளிப்போடாதீர்கள் என்று படித்துப் படித்துச் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

"அப்பறம் என்னாத்துக்கு உக்காந்துனு இருக்கீங்க?" என்றேன். என் குரலுக்கே அந்த வீடு அதிர்ந்தது. பரமசிவம் இரண்டு கையையும் தூக்கி என்னை அமர்த்தினான்.

"அழுதா வருது. அழலன்னா வரல. அப்ப அழவிடாம பாத்துக்கிட்டா முடிஞ்சுதுல்லா? இத்தினிக்காணு பிள்ளைக்கு மயக்க மருந்து குடுத்துக் கத்திய வைக்கணுமாக்கா? மயக்கம் தெளியலன்னா?" அவன் கண் கலங்கிவிட்டது. "எங்க ஷெட்டுல மருந்து தானா வெடிக்காது. நாம தொந்தரவு பண்ணாதான் வெடிக்கும். சும்மா விட்டா அது பாட்டுக்குக் கெடக்கும்."

"புள்ள என்னா குண்டாப்பா?"

"அதவிடப் பெருசுக்கா எனக்கு," என்றான்.

திட்ட வாயெடுத்தவள் கிண்ணத்தை வாங்கிக்கொண்டு திரும்பினேன். அன்பு முற்றினால் மனிதனுக்குப் புத்தி எங்கே போகிறது என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

இரண்டு வருஷம் அந்த வீடு அப்படியே இருந்தது. நானும் விட்டேனா என்றால் இல்லை. பார்க்கும்போதெல்லாம் ஆபரேஷன் என்றேன். பரமசிவம் தலையை ஆட்டுவான், மறுநாள் டூட்டி என்பான், அப்புறம் மழை என்பான், குளிர் என்பான். வீக்கம்தான் வருவதில்லையே என்பான். அது உண்மை. எப்போதாவது வந்தாலும் பவுனு படுக்கவைத்து விரலால் மெல்ல அமுக்கினால் உள்ளே போய்விடும். "வந்துட்டான்", "போயிட்டான்" என்று அவர்கள் கிசுகிசுப்பது, சுவரில் காதை வைத்தால், எனக்குக் கேட்கும். ஒரு விருந்தாளியைப் பற்றிப் பேசுவது மாதிரி பேசுவார்கள்.

முதலில் பெற்றவர்கள்தான் பிள்ளையை அழவிடாமல் பார்த்துக்கொண்டார்கள். பேச்சு வந்த பிறகு அந்த வேலையைப் பிள்ளையே எடுத்துக்கொண்டான். இதை நான் என் கண்ணால் பார்த்தேன். ஒருநாள் சாயங்காலம் மாடிப்படியில் பிள்ளைகள் விளையாடிக்கொண்டிருந்தன. தினேஷ் கால் தடுக்கிப் படியில் உருண்டு கீழே வந்து விழுந்தான். முட்டி கிழிந்து ரத்தம் கொட்டுகிறது. நான் ஓடினேன். அவன் எழுந்து உட்கார்ந்தான். முகம் சிவந்து ஊதா ஆகி, மறுபடி வெளுத்தது. உதடு இறுக்கிப் பூட்டியிருந்தது. கை மட்டும் கீழே போய்த் தொடை மடிப்பை அமுக்கிப் பிடித்துக்கொண்டது. பிறகு குனிந்து, தன் இடுப்பைப் பார்த்து, "ஒண்ணுமில்ல, தூங்கு," என்றான்.

விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகள் எல்லாம் கப்சிப் என்று நின்றன. என் மகள் சோனியா அதற்குப் பிறகு அந்தப் படிப்பக்கம் போகவே மாட்டேன் என்றாள். ஏன் என்றால், "தினேஷ் அழமாட்டான்மா. உள்ள ஒருத்தன் இருக்கான்ல, அவன்தான் அழுவான். எனக்குக் கேக்குது," என்றாள். அவளுக்கு இரண்டு அறை விட்டேன். ஆனால் அன்றிலிருந்து சுவரில் காதை வைக்க எனக்கும் தைரியம் வரவில்லை. சிரிக்காதீர்கள். ரத்தம் கொட்டும்போது ஒரு சின்னப் பிள்ளை தன் வயிற்றைச் சமாதானப்படுத்துவதைப் பார்த்தவர்களுக்குத்தான் அது தெரியும்.

தொண்ணூற்றெட்டில் கணபதி விழா வந்தது. புனேயில் கணபதி என்றால் கேட்கவேண்டுமா? டோல், தாஷா மேளங்கள், லவுட்ஸ்பீக்கர், பட்டாசு என்று ஊரே இடிபடும். பவுனு ஜன்னல் இடுக்கிலெல்லாம் பழைய துணியைத் திணித்தாள். விசர்ஜன் என்று பிள்ளையாரை ஆற்றில் கரைக்க எடுத்துக்கொண்டு போன அன்று மத்தியானம், பிரசாதத்தைக் கொடுக்கலாம் என்று போனேன். பரமசிவம் டூட்டியில் இருந்தான். பவுனு முகத்தில் ஒரு நிம்மதி.

"இன்னைக்குத் தங்கமா இருக்காங்க்கா. காலையில இருந்து ஒரு சத்தம் இல்ல. இந்த டோலு அடிக்காங்களே, அதுக்குக்கூட அசையல."

பிள்ளை சுவரோரமாகப் படுத்திருந்தான். முழங்காலை வயிற்றோடு மடக்கி வைத்திருந்தான். தலையணையில் பச்சையாக ஏதோ காய்ந்திருந்தது.

"என்னாடி இது பச்சையா?"

"ரெண்டு தடவ கக்கிட்டான். நேத்து திராட்ச தின்னான், அதா இருக்கும்."

நான் அருகில் போய் நெற்றியைத் தொட்டேன். ஜில்லென்று வியர்த்திருந்தது. கண் திறந்துதான் இருந்தது. என்னைப் பார்த்தான். அவன் வாய்க்கருகில் காதை வைத்தால்தான் கேட்கும்படி, "பெரியம்மா, அவன் போமாட்டேங்கான்," என்றான்.

ஜட்டியை இழுத்துப் பார்த்தேன். அரை எலுமிச்சம்பழம் இல்லை. தொடை மடிப்பிலிருந்து விதைப்பை வரைக்கும் சிவந்து, பளபளவென்று, கல் மாதிரி இருந்தது. பவுனு பதறிப்போய் வழக்கம்போல அமுக்கினாள். பிள்ளையின் உடம்பு வில்லாக வளைந்தது. வாய் முழுசாகத் திறந்தது. திறந்த வாயிலிருந்து ஒரு சத்தமும் வரவில்லை. அந்த வாயைப் பார்த்தபோது பயந்ததுபோல் என் ஆயுளில் நான் பயந்ததில்லை.

"அழவே இல்லையேக்கா!" பவுனு என் கையைப் பிடித்து உலுக்கினாள். "அழாம எப்படி வந்தான்? அழாம எப்படிக்கா வந்தான்?"

என் வீட்டுக்காரரை ஃபேக்டரி கேட்டுக்கு விரட்டிவிட்டு, பிள்ளையை ஒரு சேலையில் சுருட்டிக்கொண்டு ரிக்‌ஷாவில் ஏறினோம். வாக்டேவாடி தாண்டியதும் ஊர்வலம் வழியை அடைத்துக்கொண்டது. ரிக்‌ஷாவின் இரண்டு பக்கமும் டோல் அடிக்கிறார்கள். என் நெஞ்சுக்கூடு அதிர்கிறது. அவர்கள் வீசுகிற குலால் சிவப்புத் தூள் பறந்து வந்து பிள்ளையின் வெளுத்த முகத்தில் படிந்தது. அவன் கண்ணை மட்டும் மூடிக்கொண்டான். பல் இறுக்கியிருப்பது கன்னத்தில் தெரிந்தது. நான் தெருவில் இறங்கி, எனக்குத் தெரிந்த மராட்டியில் கத்தி, டோல்காரர்களைக் கையால் தள்ளித்தான் வழி பண்ணினேன்.

ஆஸ்பத்திரியிலும் கணபதிக் கூட்டம். பட்டாசில் கை சுட்டுக்கொண்ட பிள்ளைகள், கூட்டத்தில் விழுந்த பிள்ளைகள், எல்லாம் கூரை பிய்ந்துபோகிற மாதிரி அலறுகின்றன. வாசலில் உட்கார்ந்திருந்த சின்ன வயசு டாக்டர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், எத்தனை நேரமாக அழுகிறான் என்று இந்தியில் கேட்டார்.

"ரோயா ஹி நஹி," என்றாள் பவுனு. அழவே இல்லை. அதைச் சொல்லும்போது, அந்த நேரத்திலும், அவள் குரலில் ஒரு பெருமை இருந்தது.

"அழவில்லையா? அப்படியானால் பெஞ்சில் உட்காருங்கள்," என்று சொல்லிவிட்டு அவர் கை சுட்ட பிள்ளையிடம் போய்விட்டார்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. இங்கே அழுகிற பிள்ளைக்குத்தான் முதல் இடம். பவுனுவுக்கும் உறைத்திருக்க வேண்டும். பிள்ளையின் முகத்தைத் தன் பக்கம் திருப்பினாள்.

"அழுடா ராசா. வலிக்குல்லா? அம்மா சொல்லுதேன், சத்தமா அழு."

அவன் தலையை ஆட்டினான்.

"ஒண்ணும் ஆவாது. அழு. என் கண்ணுல்லா, ஒரே ஒரு தடவ அழுய்யா!"

அவன் அவளைப் பார்த்த பார்வை எனக்கு இன்னும் மறக்கவில்லை. அம்மா தன்னைச் சோதித்துப் பார்க்கிறாள் என்று நினைத்திருப்பான். உதட்டை இன்னும் இறுக்கிக்கொண்டான். பவுனு அவன் தொடையைக் கிள்ளினாள். பெற்றவள், அந்த நிலைமையில் இருக்கிற பிள்ளையை, நகம் பதியக் கிள்ளினாள். அவன் அசையவில்லை. சுற்றிலும் அத்தனை பிள்ளைகள் கதறுகின்றன, நடுவில் இவன் மட்டும் வாய்மூடிக் கிடக்கிறான். பக்கத்து பெஞ்சில் இருந்த ஒரு மராட்டி அம்மாள் தன் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தள்ளிப்போய் உட்கார்ந்தாள்.

இனி அவனை நம்பிப் பிரயோஜனமில்லை என்று நானே ஆரம்பித்தேன். கடவுள் எனக்கு இந்தத் தொண்டையைக் கொடுத்தது அன்றைக்காகத்தான். ஐயோ, பிள்ளை போகிறதே, பச்சையாக வாந்தி எடுக்கிறதே, யாராவது வந்து பாருங்கள் என்று தமிழும் இந்தியும் மராட்டியுமாகப் போட்ட கூச்சலில் ஆஸ்பத்திரி ஒரு கணம் அடங்கியது. உள்ளேயிருந்து, அன்றைக்கு ஹெர்னியா என்று சொன்ன அந்த டாக்டரம்மாவே வந்தார். நேராக வந்து சேலையை விலக்கிப் பார்த்தார். யாரையும் திட்டவில்லை. பிள்ளையை அப்படியே தன் கையில் வாரிக்கொண்டு உள்ளே ஓடினார்.

பரமசிவம் வந்து சேர்ந்தபோது மூக்கில் குழாய் போட்டு, கையில் சலைன் ஏற்றி, ஆபரேஷனுக்குத் தயாராக வைத்திருந்தார்கள். அவன் ஷெட்டிலிருந்து உடுப்புக்கூட மாற்றாமல் ஓடி வந்திருந்தான். கையெழுத்துப் போடச் சொன்னதும் பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றான்.

"நான் அழவிடலையே மேடம்," என்று உடைந்த இந்தியில் சொன்னான். "ஒருநாள்கூட அழவிடல."

"அழுதிருந்தால் காலையிலேயே கொண்டுவந்திருப்பீர்கள்," என்றார் டாக்டரம்மா. "வழி பிறந்ததிலிருந்தே திறந்துதான் இருக்கிறது. ஒரு இருமல் போதும், குடல் வந்து மாட்டிக்கொள்ள. இப்போது குடல் நெரிபட்டுக் கிடக்கிறது. ரத்தம் ஓடவில்லை. செத்துப்போயிருந்தால் வெட்டவேண்டும். எனக்கு இப்போது ஒன்றும் தெரியாது, திறந்துதான் பார்க்கவேண்டும்."

கதவு சாத்திக்கொண்டது. பவுனு தரையில் உட்கார்ந்தாள். பரமசிவம் கதவுக்கு வெளியே, செருப்பைக் கழற்றிவிட்டு, வெறுங்காலோடு நின்றான். சத்தம் வந்துவிடுமோ என்று மூச்சைக்கூட இழுத்து இழுத்து விட்டான். பாவி, இங்கேயும் அதே பழக்கமா என்று அவனை ஓர் அடி வைக்கலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது.

வெளியே டோல் சத்தம் ஆற்றுப்பக்கம் போய்த் தேய்ந்த பிறகுதான் டாக்டரம்மா வந்தார். குடல் கருநீலமாக இருந்ததாம். வெந்நீரில் நனைத்த துணியைச் சுற்றிக் காத்திருந்தார்களாம். கொஞ்சம் கொஞ்சமாக நிறம் திரும்பிச் சிவந்ததாம். வெட்டவில்லை. உள்ளே தள்ளி, வழியைக் கட்டித் தைத்தாயிற்று. "இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால்," என்று ஆரம்பித்தவர் பவுனுவின் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

மறுநாள் காலையில் வார்டில் நல்ல வெயில். தினேஷ் முழித்துக்கொண்டு படுத்திருந்தான். தையல் போட்ட இடம் வலிக்கத்தானே செய்யும்? நர்ஸ் வந்து கட்டைத் தொட்டபோது அவன் கழுத்து நரம்பு புடைத்தது. அவ்வளவுதான். டாக்டரம்மா ரவுண்ட்ஸ் வந்தவர், இனி நன்றாக அழட்டும், பயமில்லை, தையல் தாங்கும் என்று சிரித்துக்கொண்டே சொல்லிவிட்டுப் பக்கத்துக் கட்டிலுக்குப் போனார்.

பவுனு அவன் தலைமாட்டில் உட்கார்ந்தாள். "அவன் இனி வரமாட்டான்யா. டாக்டரு கட்டிப் போட்டுட்டாக. இனிமே நீ அழலாம்," என்றாள். சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது. இரண்டு வருஷமாக அந்த வீட்டில் அழாமல் வைத்திருந்ததெல்லாம் சேர்ந்து வந்தது போலிருந்தது. சேலைத் தலைப்பை வாயில் வைத்து அடைத்தும் அடங்காமல், வாய்விட்டு, வார்டு முழுக்கத் திரும்பிப் பார்க்கும்படி அழுதாள்.

பிள்ளை அவளைப் பார்த்தான். அவன் முகத்தில் ரத்தமே இல்லாமல் போயிற்று. பக்கத்துக் கட்டிலிலிருந்து டாக்டரம்மா சத்தம் கேட்டுத் திரும்பினார். அவர் எங்கள் பக்கம் வருவதைப் பார்த்ததும் தினேஷ், ஊசி குத்திய கையோடு, தையல் போட்ட வயிற்றோடு, எழுந்து உட்கார்ந்துவிட்டான். நான் பிடிப்பதற்குள் அம்மாவின் தலையை இழுத்துத் தன் நெஞ்சோடு சேர்த்து, போர்வையால் அவள் முகத்தை மூடினான்.

"அம்மா அழல," என்று டாக்டரம்மாவைப் பார்த்துச் சொன்னான். "எங்கம்மா அழவே இல்ல. அவளையும் உள்ள கூட்டிட்டுப் போவாதிய."